மணலாறும் மணற்பாறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பாலைவனத்தில், அரிஜோனா மாகாணத்தின் வடகிழக்குக் கோடியில், நவஹோ என்னும் ஆதிகுடி மக்களின் சொந்த நிர்வாகத்துக்கு உட்பட்ட விஸ்தாரமான பிரதேசத்தின் நடுவே, கேன்யன் டி ஷே என்றொரு பாறைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. உலகப் பிரசித்தி பெற்ற கிராண்ட் கேன்யன் ஏறக்குறைய ஒரு மைல் ஆழம். இதுவோ மிக ஆழமான இடத்திலும் 1,000 அடியைச் சற்றே தாண்டுவது. ஆயினும், விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்து வியந்து திரும்புவதோடு நில்லாமல், பள்ளத்தாக்கைக் குடைந்த ஆற்றின் படுகையிலேயே வண்டியேறிச் சென்று, இருமருங்கும் எழும்பி நிற்கும் பாறைச் சுவரை அடி முதல் முடி வரை அண்ணாந்து பார்த்து, அதன் வரலாற்றை அந்த மண்ணுக்கு உரிய ஒருவர் வாயால் கேட்டறிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு, இந்தச் சிறிய பள்ளத்தாக்கு அந்தப் பெரிய பள்ளத்தாக்கைக் காட்டிலும் அதிகம் கற்றுக் கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு வேண்டிய காலமும் அரை நாள்தான்.

சின்லி என்ற சிற்றூரின் பக்கத்தில் பள்ளத்தாக்கு வாய் திறக்கிறது. அங்கே சுவரின் உயரம் சுமார் 30 அடி. உள்ளே போகப் போகப் படுகை மெல்ல உயர்ந்தாலும் சுவர் அதைவிட வேகமாக உயர்ந்துகொண்டே போய், சில மைல் தூரத்துக்குள் வானத்தைக் குறுகலாக்கிவிடுகிறது. அங்கே பள்ளத்தாக்கு இரண்டாகக் கிளைக்கிறது; வடகிழக்கே செல்லும் கிளைக்குக் கேன்யன் டெல் முவெர்ட்டோ என்று பெயர். 1931ஆம் வருஷத்தில் அமெரிக்க அரசாங்கம் இந்த ஸ்தலம் முழுவதையும் தேசிய நினைவுச் சின்னமாகப் பிரகடனம் செய்த போதிலும், நிலத்தின் உரிமை அன்றும் இன்றும் நவஹோ மக்களிடமே இருந்து வருகிறது. சில குடும்பங்கள் இன்றும் கோடைக்காலத்தில் உள்ளே தங்கிச் சோளமும் பூசணியும் பயிரிட்டு ஆடு மேய்க்கின்றன. ஆகையால் அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி ஒருவர் உடன் வராமல், வெளியார் எவரும் பள்ளத்தாக்கின் அடியில் வண்டியோட்டிச் செல்லலாகாது என்பது விதி. பிறர் வீட்டு முற்றத்துக்குள் நுழைவதற்கு அவர் சம்மதம் வேண்டும் என்பது இந்த விதியின் நியாயம். அதற்குப் பூமிசாஸ்திர ரீதியான நியாயமும் ஒன்று உண்டு என்பதை வண்டி கிளம்பிய சிறிது நேரத்துக்குள் பிரயாணி தெரிந்துகொள்கிறார்.

ஏனெனில் உள்ளே சாலை கிடையாது. ஆற்றுப் படுகைதான் சாலை. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை பாயும் ஜீப்போ, மேற்கூரையில்லாத பெரிய வண்டியோ, அகன்ற மணற்பரப்பின் மீது குலுங்கியும் சறுக்கியும் போகிறது. கிழக்கேயுள்ள சுஸ்கா மலைத்தொடரில் குளிர்காலத்தில் விழுந்த பனி வசந்தத்தில் உருகும்போதும், கோடையின் பிற்பகுதியில் மழை பெய்யும்போதும் இந்தப் படுகையில் ஜலம் ஓடும். மற்ற மாதங்களில் மேலே வெறும் மணல்தான் தெரியும். ஆனால் வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் ஒரு முழ ஆழத்தில் நீர் சுரப்பது போலவே, இங்கேயும் கண்ணுக்குத் தெரியாமல் மணலுக்கு அடியில் பிரவாகம் நடந்துகொண்டிருக்கிறது. புதைமணல் உண்டாவது இதனால்தான். மணற்குவியல் ஒன்று நம் பாரத்தைத் தாங்குகிறதென்றால், ஒவ்வொரு மணியும் அடுத்த மணியின் மேல் அழுந்தி, அந்த உராய்வினால் நழுவாமல் நிற்கிறது என்று பொருள். மணிகளுக்கு இடையே நிறைந்த நீர், கீழிருந்து வரும் அழுத்தத்தால் மேல்நோக்கித் தள்ளும்போது, மணிகளின் எடையை நீரே ஏந்திக்கொள்ள, உராய்வு அற்றுப்போய், பார்வைக்குக் கெட்டியாகத் தோன்றும் தரை திரவத்தின் குணத்தை அடைந்துவிடுகிறது. ஓரளவு உறுதியாக இருக்கும் ஈரமணல்கூடச் சக்கரத்தின் அதிர்ச்சியால் இந்த நிலைக்கு வந்துவிடக் கூடும். ஆகவே ஈரமான இடங்களில் வண்டியை நிறுத்தாமல், வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஓட்டிக் கடந்துவிடுவது மணலில் வண்டியோட்டிப் பழகியவர்களின் வழக்கம். டயரின் காற்றைச் சற்றுக் குறைத்து, அது மணலில் படியும் பரப்பை அகலப்படுத்திக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் படுகையின் மேடு பள்ளங்கள் மாறிவிடுவதால், சென்ற மாதம் நல்ல தடமாக இருந்தது இந்த மாதம் புதைகுழியாக இருக்கலாம். எந்த வரைபடமும் இதற்கு உதவாது. நாள்தோறும் அந்த மணலில் போய் வருகிறவரின் கண்தான் உதவும்.

இனி, சுவரைப் பார்ப்போம். செம்மையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், பெரும்பாலும் செடிகொடி இல்லாமல், நேர்செங்குத்தாக நிற்கும் இந்தப் பாறைக்கு டி ஷே மணற்பாறை என்று பூமிசாஸ்திரிகள் பள்ளத்தாக்கின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, அதன் மேல் நுண்ணிய கோடுகள் ஓடுவது தெளிவாகத் தெரியும். கடலின் அடியிலோ ஏரியின் அடியிலோ அமைதியாகப் படிந்த வண்டலானால், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். இங்கேயோ ஒரு தொகுதிக் கோடுகள் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கி, அடியில் வளைந்து படுத்து, மேற்புறத்தில் ஒரு நீண்ட கோட்டினால் திடீரென்று வெட்டுண்டு போக, அந்த வெட்டின் மேல் மற்றொரு தொகுதி சற்றே வேறு சாய்வில் தொடங்குகிறது. இப்படியே பத்து அடி, இருபது அடி, சில இடங்களில் அதற்கு மேலும் கனமுள்ள தொகுதிகள் சுவரின் உச்சி வரை அடுக்கடுக்காகச் செல்கின்றன.

இந்தச் சாய்ந்த கோடுகள்தான் இந்தப் பிரயாணத்தில் கவனிக்க வேண்டிய முதற்பெரும் விஷயம். காற்று ஒரு திசையிலிருந்து இடைவிடாமல் வீசும் பாலைவனத்தில், மணல், குன்றின் காற்றுப்பட்ட பக்கத்தில் மெல்ல மேலேறி, உச்சியை அடைந்ததும் காற்று மறைந்த மறுபக்கத்தில் சரிந்து விழுகிறது. உலர்ந்த மணல் நிற்கக்கூடிய சாய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அது ஏறக்குறைய 34 பாகை. அதை மீறிக் குவிந்த மணல் தானே சரிந்து, மறுபக்கத்தின் மேல் மெல்லிய போர்வையாகப் படிகிறது. சரிவுக்கு மேல் சரிவாக இந்தப் போர்வைகள் படியப் படிய, குன்று முழுவதுமே காற்றின் திசையில் நகர்ந்து செல்கிறது. பின்னால் வரும் குன்று முன்னதன் தலையைச் சீவிவிட்டு, மிஞ்சிய அடிப்பாகத்தின் மேல் தானும் தன் சாய்ந்த படிவுகளை விட்டுச் செல்கிறது. சுவரில் நாம் காண்பது அப்படிச் சீவப்பட்ட குன்றுகளின் அடிப்பாகங்களேயாகும். குறுக்குப் படிவு என்று சொல்லப்படும் இந்த அமைப்பின் சாய்வை அளந்து, 28 கோடி வருஷங்களுக்கு முன்னால் இங்கே காற்று பெரும்பாலும் வடதிசையிலிருந்து வீசியது என்று சாஸ்திரிகள் கூறுகிறார்கள். உலகின் கண்டங்கள் யாவும் ஒன்றாகக் கூடியிருந்த பெர்மியன் யுகம் அது. இன்றைய அரிஜோனா அப்பொழுது பூமத்திய ரேகைக்கு அருகே கிடந்தது. டைனோசார்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தியது. ஆயினும் அந்த மணற்சரிவுகளில் ஏறிச் சென்ற சிறு நாற்கால் பிராணிகளின் அடிச்சுவடுகள் இந்தப் பாறை இனத்தில் அழியாமல் கிடைத்திருக்கின்றன.

காற்று குவித்தது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. காற்று ஒரு சல்லடையைப் போலப் பொறுக்கியெடுக்கும் சக்தி உடையது. மிக நுண்ணிய தூசியைத் தொலைதூரத்துக்குக் கொண்டு போய்விடும், கூழாங்கல்லைத் தூக்கவே தூக்காது. ஆகையால் சுவரில் உள்ள மணிகள் பெரும்பாலும் ஒரே அளவினவாய், ஒன்றோடொன்று மோதி மோதி உருண்டு திரண்டவையாய் இருக்கின்றன. ஆனால் சுவரின் உச்சியில், விளிம்பை ஒட்டி, வேறு வகைப் பாறை ஒன்று மூடியாக அமைந்திருக்கிறது. ஷினாரம்ப் எனப்படும் அதில் கூழாங்கற்கள் நிறைந்திருப்பதால், அது ஆறுகள் கொண்டுவந்து பரப்பியது என்பதில் சந்தேகமில்லை. அதன் வயது சுமார் 22 கோடி வருஷம். அடியிலுள்ள மணற்பாறைக்கும் இதற்கும் நடுவே ஐந்து கோடி வருஷத்துக்கு மேற்பட்ட காலம் எந்தப் படிவையும் விட்டுச் செல்லாமல் கழிந்து போயிருக்கிறது. வழிகாட்டி கை நீட்டிக் காட்டும் அந்த ஒரு மெல்லிய எல்லைக் கோட்டின் முன்னால், மனித சரித்திரம் முழுவதும் ஒரு மணித்துளியாகக்கூடத் தோன்றவில்லை.

மணற்குன்றைக் கல்லாக்கியதும் நீர்தான். பின்னாளில் மேலே படிந்த பாறைகளின் பாரத்தால் மணிகள் நெருங்க, அவற்றின் இடைவெளிகளில் ஊடுருவிய நிலத்தடி நீர் சுண்ணத்தையும் சிலிகாவையும் இரும்பின் ஆக்ஸைடையும் விட்டுச் சென்று அவற்றைப் பிணைத்தது; சுவரின் செம்மைக்கு அந்த இரும்பே காரணம். பிறகு பூமியின் உட்சக்திகளால் இந்தப் பிரதேசம் மெல்ல மேலே உயர்ந்தபோது, மலையிலிருந்து இறங்கிய ஓடைகள் தம் போக்கை விடாமல் பாறையை அறுத்துக்கொண்டே கீழிறங்கின. மழை மிகுந்த நாடானால் மண்ணும் மரமும் மூடி இந்தச் சரிவுகள் சாய்ந்து மழுங்கியிருக்கும். வறண்ட இந்த நாட்டில் அது நடக்கவில்லை. பாறையில் மேலிருந்து கீழாக ஓடும் இயற்கைப் பிளவுகள் இருப்பதால், ஓடை அடியைக் குடைந்ததும் பெரும் பாளங்கள் அந்தப் பிளவுகளை ஒட்டியே பிளந்து விழுந்து, சுவரை என்றென்றும் புதிதாகவும் செங்குத்தாகவும் வைத்திருக்கின்றன. விழுந்த பாளங்கள் நொறுங்கி மறுபடியும் மணலாகிப் படுகையில் சேர்கின்றன. நம் வண்டிச் சக்கரத்தின் கீழ் நெரிபடும் மணலில் பெரும்பகுதி, 28 கோடி வருஷத்துக்கு முன் காற்றில் பறந்த அதே மணல்தான் என்பதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் பரவசத்தை வேறெந்த இயற்கைக் காட்சியும் தந்ததில்லை.

சுவரின் மேலிருந்து கீழாகக் கரும்பட்டைகள் வழிந்திருப்பது போலத் தெரியும். மழைநீர் வழிந்த தடங்களில், காற்று கொண்டுவந்த களிமண் தூசியும், மாங்கனீஸ், இரும்பு ஆகியவற்றின் ஆக்ஸைடுகளும் சேர்ந்து உண்டான மெல்லிய பூச்சு அது. பாலைவன மெருகு என்று அதைச் சொல்லலாம். தாளைவிட மெல்லியதான அந்தப் பூச்சு முதிர்வதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. அதில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டா என்பது பற்றிச் சாஸ்திரிகளிடையே இன்னும் விவாதம் தீரவில்லை. இந்தக் கரும்பூச்சைக் கல்லால் கொத்தி நீக்கினால் அடியிலுள்ள வெளிர் நிறப் பாறை தெரியும். பழங்கால மக்கள் மான்களையும் மனிதர்களையும் கைத்தடங்களையும் வரைவதற்கு இயற்கை அமைத்துத் தந்த பலகையாக இது பயன்பட்டது. வர்ணத்தால் தீட்டிய சித்திரங்களும் பல உண்டு. அவற்றைத் தொட்டுப் பார்க்க எவருக்கும் கை துறுதுறுக்கும். கையிலுள்ள எண்ணெய்ப் பசை அவற்றைக் கெடுக்கும் என்பதால் தொடவே கூடாது.

வண்டி நின்று பிரயாணிகள் இறங்கும் முக்கியமான இடங்களில் ஒன்று வெண்மாளிகை என்ற பழங்குடியிருப்பின் சிதைவு. பாறைச் சுவரின் நடுவே, அகன்று வளைந்த ஒரு குடைவுக்குள், வெள்ளைச் சாந்து பூசிய நெடுஞ்சுவரோடு கூடிய அறைகள் இருக்கின்றன. கீழே படுகையின் மட்டத்தில் மற்றொரு கட்டடத்தின் எச்சம் இருக்கிறது. ஒரு காலத்தில் கீழ்க் கட்டடம் மாடி மாடியாக உயர்ந்திருந்தது என்றும், அதன் கூரையிலிருந்தே மேற்குடைவுக்கு ஏறினார்கள் என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். இந்தக் குடைவை மனிதர் வெட்டவில்லை. மழைநீரும் பனிநீரும் துளையுள்ள மணற்பாறைக்குள் இறங்கி வரும்போது, எளிதில் நீரை உள்விடாத ஓர் அடுக்கு குறுக்கிட்டால், அதன் மேல் பக்கவாட்டில் ஓடிச் சுவரில் கசிந்து வெளிவருகிறது. அந்தக் கசிவு மணிகளைப் பிணைத்த சுண்ணத்தைக் கரைப்பதாலும், குளிர் இரவுகளில் உறைந்து விரிவதாலும், அங்கே பாறை செதில் செதிலாக உதிர்ந்து, மேற்புறம் வில்லாக வளைந்த குடைவு உண்டாகிறது. தெற்கு நோக்கிய இந்தக் குடைவில் குளிர்காலத்தில் தாழ்ந்து செல்லும் சூரியனின் கிரணங்கள் உள்ளே பாய்ந்து சுவரைச் சூடாக்கும். கோடையில் உச்சியில் நிற்கும் சூரியனைப் பாறையின் முன்நீட்டம் மறைத்து நிழல் தரும். இன்றைய புவெப்ளோ மக்களின் முன்னோர்களான அந்தக் கட்டடக் கலைஞர்கள் இதை நன்றாக அறிந்தே இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் ஏறக்குறைய 1060 முதல் 1275 வரை இங்கே வாழ்ந்தார்கள் என்று வழிகாட்டி சொல்லும்போது, எழுத்தில்லாத மக்களின் காலத்தை இவ்வளவு நுட்பமாக எப்படி அறிந்தார்கள் என்ற கேள்வி எழ வேண்டும். இதற்கு விடை கண்டவர் ஒரு வான சாஸ்திரி. சூரியக் களங்கங்கள் 11 வருஷத்துக்கு ஒரு முறை மிகுந்து குறைவது பூமியின் மழையைப் பாதிக்கிறதா என்று ஆராய விரும்பிய ஏ. ஈ. டக்ளஸ், மழைக் கணக்கு எழுதி வைக்கப்படாத இந்தப் பிரதேசத்தில், மரங்களின் வருஷ வளையங்களையே கணக்கேடாகக் கொண்டார். வறண்ட நாட்டில் மழை பெய்த வருஷத்தின் வளையம் அகலமாகவும், பொய்த்த வருஷத்தின் வளையம் மெலிந்தும் இருக்கும். அகலமும் மெலிவும் மாறி மாறி வரும் வரிசை, ஒரே பிரதேசத்து மரங்கள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும். உயிரோடுள்ள மரத்தின் உள்வளையங்களை, அதற்கு முன் வெட்டப்பட்ட பழைய உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருத்தி, அதனினும் பழைய உத்தரத்தை அதனோடு பொருத்தி, சங்கிலியைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போகலாம். பாழடைந்த குடியிருப்புக்களில் கிடைத்த உத்தரங்களோ தமக்குள் பொருந்தினவே தவிர, இந்தச் சங்கிலியோடு பொருந்தாமல் பல காலம் தனித்து நின்றன. கேன்யன் டெல் முவெர்ட்டோவில் அகழாய்வு செய்த ஏர்ல் மாரிஸ் போன்றவர்கள் மரத் துண்டுகளைத் தேடிச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1929ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அரிஜோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கரிந்த உத்தரம் ஒன்று இரண்டு சங்கிலிகளையும் இணைத்தது. அன்று முதல், இந்தப் பாழ்மனைகளின் உத்தரங்கள் எந்த வருஷத்தில் வெட்டப்பட்டன என்பதையே சொல்ல முடிந்தது.

அதே வளையங்கள் துயரமான செய்தி ஒன்றையும் தெரிவித்தன. 1276 முதல் 1299 வரை இந்தப் பிரதேசத்தைக் கடும் வறட்சி வாட்டியது. 1300ஆம் வருஷத்தை ஒட்டி இந்தக் குடியிருப்புக்கள் காலியாயின. வறட்சி ஒன்றே காரணமென்று இப்பொழுது எவரும் அறுதியிட்டுச் சொல்வதில்லை. பூசலும், சமுதாய மாறுதலும், தெற்கே இருந்த புதிய ஊர்களின் கவர்ச்சியும் சேர்ந்திருக்கலாம்.

பிற்காலத்தில் நவஹோ மக்கள் இங்கே குடியேறி, சோளமும் பீச் மரங்களும் வளர்த்தார்கள். 1864ஆம் வருஷம் அமெரிக்கப் படை உள்ளே புகுந்து, வீடுகளைக் கொளுத்தி, ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்து, ஜனங்களை 300 மைலுக்கு அப்பாலுள்ள பாஸ்க் ரெடாண்டோவுக்குக் கால்நடையாகத் துரத்தியது. பசியிலும் நோயிலும் பலர் மாண்ட பின், 1868ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி எஞ்சியோர் தாயகம் திரும்பினார்கள். வழிகாட்டியாக வருகிறவரின் முன்னோர் அந்த நடையில் நடந்தவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள்; அவர் இதைச் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்பது நம் கடமை.

ஆற்றின் சமீபகால வரலாறும் கவனிக்கத் தக்கது. 1930க்களில், மண்ணரிப்பைத் தடுத்துக் கரையைக் காக்கும் நல்ல நோக்கத்துடன், வெளிநாட்டினின்று வந்த டாமரிஸ்க் என்ற புதர்மரமும் ரஷ்ய ஆலிவ் என்ற முள்மரமும் இங்கே நடப்பட்டன. அதற்கு முன் ஆறு அகன்று, ஆழமின்றி, பல கிளைகளாகப் பின்னிப் பிரிந்து, வெள்ளக் காலத்தில் இரு பக்கமும் பரந்து வண்டலை விட்டுச் செல்லும். புதிய மரங்களின் வேர்கள் கரையை இறுகப் பிடித்துக்கொண்டதால், பரவ இடமில்லாத வெள்ளம் கீழ்நோக்கித் தோண்டத் தொடங்கியது, படுகை ஆழ்ந்தது, அதனோடு நிலத்தடி நீரின் மட்டமும் தாழ்ந்தது, வயலும் பழைய காட்டன்வுட் மரங்களும் நீரின்றி வாடின. கரையைக் காப்பதற்குச் செய்தது ஆற்றையே மாற்றிவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் அந்த மரங்களை அகற்றும் வேலை நடந்து வருகிறது. ஓர் ஆற்றின் சுபாவத்தை அறியாமல் அதற்கு நன்மை செய்ய முயலக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்காது.

அரை நாள் பிரயாணத்துக்குக் காலை நேரமே சிறந்தது. பக்கவாட்டு வெயிலில் குறுக்குப் படிவுகள் தெளிவாகத் தெரியும் என்பது ஒரு காரணம். மற்றொன்று உயிரைப் பற்றியது. ஜூலை முதல் செப்டம்பர் வரை, பெரும்பாலும் பிற்பகலில்தான் இடிமழை திரளும். வெறும் பாறையான மேட்டுநிலம் மழையை உறிஞ்சாமல் உருட்டிவிடுவதால், பல மைலுக்கு அப்பால் பெய்த மழை, நமக்கு மேல் வானம் நிர்மலமாக இருக்கும்போதே, சேறும் கல்லுமாகப் பாய்ந்து வரக் கூடும். நவஹோ பிரதேசத்திலேயே வடமேற்கே உள்ள ஆன்டிலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12ஆம் தேதி அப்படி வந்த வெள்ளத்தில் 11 பிரயாணிகள் இறந்தார்கள். அங்கே அன்று பெய்த மழை மிகச் சொற்பம். ஆகவே வழிகாட்டி வானத்தைப் பார்த்துத் திரும்பலாம் என்றால், கொடுத்த பணத்தை நினைத்து வாதாடாமல் உடனே திரும்புங்கள். மண்ணில் கிடக்கும் ஓட்டுத் துண்டு எதையும் எடுக்காதீர்கள். அங்கே வாழ்கிறவர்களைக் கேளாமல் படம் பிடிக்காதீர்கள். கோடையில் செல்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தப் பருவத்தில் அரிஜோனாவின் மற்றப் பகுதிகள் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ பிரதேசம் ஒரு மணி முன்னே நகர்த்திக்கொள்கிறது; பீனிக்ஸ் நகரத்து நேரத்தை நம்பிச் செல்கிறவருக்குக் காலை வண்டி தவறிப் போகும்.